ஏஐ வந்த பிறகு பட்டதாரிக்கு முதல் வேலை

சுங்கை சிப்புட்டில் கணக்கு எழுதித் தரும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்துகிறேன். மளிகைக் கடைகள், லாரிக்காரர்கள், ஒரு பூக்கடை, இரண்டு மூன்று பட்டறைகள் என்று நாற்பது வாடிக்கையாளர்கள் தேறுவார்கள். கணக்கியல் படித்து முடித்த ஒரு பிள்ளையை ஆண்டுதோறும் வேலைக்கு எடுப்பது என் வழக்கம். ஓராண்டு இங்கே கை பழகிவிட்டு ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போய்விடுவார்கள். போகட்டும் என்றுதான் எடுப்பேன்.

போன ஆண்டு நான் யாரையும் எடுக்கவில்லை.

யாரையும் வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. பத்திரிகையில் வரும்படி எதுவும் நடக்கவில்லை. ஒரு நாற்காலி காலியாக இருந்தது, அவ்வளவுதான். செயற்கை நுண்ணறிவு பட்டதாரிகளின் வேலையை என்ன செய்கிறது என்று கேட்பவர்களுக்கு அந்த நாற்காலியைத்தான் காட்டத் தோன்றுகிறது. கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் யாராவது ஒரு தகப்பனார், "ஏஐ வந்துவிட்டதால் என் மகளுக்கு வேலை கிடைக்காதாமே, மெய்யா?" என்று கேட்டுவிடுகிறார். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் இதற்குப் பதில் கிடையாது. கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில், இந்தச் சாதனம் என்ன என்பது. பழைய கணினி நிரல் எப்படி வேலை செய்யும் என்பது தோட்ட அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். செக்ரோல் கணக்கை, அதாவது தொழிலாளர் வருகையும் கூலியும் எழுதும் கணக்கை, கணினியில் ஏற்றியபோது ஒவ்வொரு படியையும் மனிதன் சொல்லிக் கொடுத்தான்: நாள்களைக் கூட்டு, கூலியால் பெருக்கு, முன்பணத்தைக் கழி, மீதியை எழுது. சொல்லாத எதையும் அது செய்யாது. செயற்கை நுண்ணறிவுக்கு அப்படி விதி சொல்லித் தருவதில்லை. கோடிக்கணக்கான பக்கங்களை அதன் முன் கொட்டுகிறார்கள். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்ற பழக்கத்தை அதுவே பிடித்துக்கொள்கிறது. 'ஆழம் தெரியாமல்' என்று நான் நிறுத்தினால் 'காலை விடாதே' என்று நீங்கள் முடிப்பீர்கள் அல்லவா? யோசித்தா சொன்னீர்கள்? கேட்டுக் கேட்டுப் பழகியது. அதே பழக்கத்தைக் கடிதம், ஒப்பந்தம், கணினி நிரல், தேர்வு விடை என்று எல்லாவற்றுக்கும் விரித்தால் எப்படி இருக்குமோ, ஏறத்தாழ அப்படித்தான் சாட்ஜிபிடி போன்றவை இயங்குகின்றன. 2022 நவம்பர் 30 அன்று அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட பிறகுதான் நம் ஊர்வரை இந்தப் பேச்சு வந்தது.

இதிலிருந்தே ஒன்றை ஊகித்துவிடலாம். உலகத்தில் லட்சம் முறை எழுதப்பட்டதை அது அழகாகச் செய்யும்: விண்ணப்பக் கடிதம், கூட்டக் குறிப்பு, நீண்ட அறிக்கையின் சுருக்கம், சாதாரண நிரல். எங்குமே எழுதப்படாததைக் கேட்டால் தெரியாது என்று ஒத்துக்கொள்வதற்குப் பதிலாக, பொருத்தமாகத் தோன்றும் ஒன்றைப் போட்டு நிரப்பிவிடுவதும் உண்டு. அதுவும் தயக்கமே இல்லாமல்.

வேலை வேறு, வேலைக்குள் இருக்கும் பணிகள் வேறு

இந்த விஷயத்தில் பிடித்துக்கொள்ள வேண்டிய கருத்து ஒன்றுதான். ஒரு வேலை என்பது தனிப்பொருள் அல்ல, பல பணிகள் சேர்ந்த குலை. செம்பனைக் குலையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குலை மரத்திலேயே இருக்கும். உதிரிப் பழங்கள் மட்டும் ஒவ்வொன்றாய்க் கீழே விழும். இயந்திரம் வரும்போதும் அப்படித்தான். 'கணக்கர்' என்ற பெயர் பலகையில் இருக்கும். அவர் காலையிலிருந்து மாலைவரை செய்த பத்துப் பணிகளில் நான்கு உதிர்ந்திருக்கும்.

என் தாயார் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர். எழுபதுகளில் அவருக்கு ஒரு விசித்திரமான வேலை இருந்தது: பூவுக்குத் தூள் அடிப்பது. செம்பனையில் ஆண் பூங்குலை வேறு, பெண் பூங்குலை வேறு. இந்த நாட்டில் மகரந்தம் போதுமான அளவு தானாகச் சேரவில்லை. ஆகவே ஆண் பூவிலிருந்து மகரந்தத்தைச் சேகரித்து, டால்கம் தூளோடு கலந்து, மரம் மரமாக நடந்து பெண் பூவின்மேல் ஊதுவார்கள். பூ இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். அதற்குள் போயாக வேண்டும். வீட்டுக்கு வரும்போது அம்மாவின் கைலி, புருவம், தலைத்துணி எல்லாம் வெளுத்திருக்கும். கண்ணாடி பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

1981இல் ஆப்பிரிக்காவின் கெமரூனிலிருந்து ஒரு சிறிய வண்டைக் கொண்டுவந்து ஜொகூரில் விட்டார்கள். அரிசியைவிடச் சிறிய வண்டு. அது ஆண் பூவுக்கும் பெண் பூவுக்கும் தானே பறந்து போய் மகரந்தத்தைச் சேர்த்துவிட்டது. சிறிது காலத்தில் தூள் அடிக்கும் வேலையே தோட்டங்களில் இல்லாமல் போனது. தோட்டத் தொழிலாளி என்ற வேலை மட்டும் அப்படியே இருந்தது. விளைச்சல் கூடியது, உதிரி பொறுக்க ஆள் கூடுதலாகத் தேவைப்பட்டது. அம்மா உதிரி பொறுக்கப் போனார். வருமானம் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் தூள் அடிப்பது நின்றபடி செய்யும் வேலை, உதிரி பொறுக்குவது நாள் முழுக்கக் குனிந்து செய்யும் வேலை. 'புதிய வேலைகள் உருவாகும்' என்று மேடையில் யாராவது உறுதி கூறும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் இடுப்பு வலிதான் நினைவுக்கு வரும். உருவாவது உண்மைதான். அது என்ன வேலை, யாருக்கு, எந்த முதுகுக்கு என்பது தனிக் கேள்வி.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு எண்களைப் படித்தால் குழப்பம் குறையும். அனைத்துலகப் பண நிதியம் 2024 ஜனவரியில், உலக வேலைகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைச் செயற்கை நுண்ணறிவு தொடும் என்று கணித்தது. வளர்ந்த நாடுகளில் அது 60 விழுக்காடு. நூற்றில் நாற்பது பேர் வீட்டுக்குப் போவார்கள் என்பது இதன் பொருள் இல்லை. அந்த வேலைகளுக்குள் இருக்கும் பணிகளில் கணிசமானவற்றை இயந்திரம் செய்யவோ, செய்வதற்குத் துணை நிற்கவோ முடியும் என்பதுதான். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2023இல் இதையே இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது. எல்லாத் துறைகளிலும் அதிகம் தொடப்படுவது எழுத்தர் வேலை. அதன் பணிகளில் 24 விழுக்காடு மிக அதிகமாகவும், இன்னொரு 58 விழுக்காடு நடுத்தரமாகவும் தொடப்படும் என்றது. மற்ற பெரும்பாலான வேலைகளில் இயந்திரம் ஆளை விரட்டுவதைவிட ஆளுக்கு உதவுவதே அதிகமாக இருக்கும் என்றும் சொன்னது.

எழுத்தர் வேலை. நம் பாஷையில் கிராணி வேலை. வெயிலில் பால்மரம் சீவிய மூன்று தலைமுறை, தன் பிள்ளை எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டதோ, அதே நாற்காலி.

ஏன் இளையவர்களுக்கு முதலில்

நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். 1985இல் தோட்ட அலுவலகத்தில் சின்னக் கிராணி. விடியுமுன் தொழிலாளர்கள் கூடும் பெரட்டுக் களத்தில் மேற்பார்வை பார்க்கும் தண்டல் பெயர் கூப்பிட, நான் செக்ரோல் புத்தகத்தில் குறிப்பேன். பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து நாள் முழுவதும் கூட்டல், கழித்தல். அந்தக் கூட்டலில் அறிவு ஒன்றும் இல்லை. ஆனால் ஆறு மாதம் அதே பெயர்களை எழுதியதில் எனக்கு வேறு சில தெரிந்துபோயின. எவர் திங்கட்கிழமைகளில் வரமாட்டார், எந்தத் தண்டலின் எண்கள் எப்போதும் பத்து, இருபது என்று சற்று உருண்டையாக இருக்கும், எந்த அம்மாளுக்கு முன்பணம் இல்லையென்றால் அடுப்பு எரியாது. பெரிய கிராணி என்னைக் கேட்பதும் அதைத்தான். கூட்டலை அவர் ஒருபோதும் கேட்டதில்லை.

எல்லாத் துறையிலும் முதல் ஆண்டு இப்படித்தான் ஓடுகிறது. சலிப்பான வேலையைப் புதியவரிடம் தள்ளுவார்கள். அவர் அதைச் செய்துகொண்டே தொழிலைக் கற்பார். வழக்கறிஞர் அலுவலகத்தில் பழைய கோப்பு தேடுவது, செய்தி அறையில் அறிக்கையைச் சுருக்குவது, கணினி நிறுவனத்தில் சின்னச் சின்னப் பிழை திருத்துவது. செயற்கை நுண்ணறிவுக்கு மிக நன்றாகக் கைவருவதும் இதே பணிகள்தான். அனுபவசாலியின் குலையில் நாலு பழம் உதிர்கிறது; புதியவர் குலையில் பாதிக்கு மேல்.

இதற்கு எண் உண்டா? அமெரிக்காவில் ஒன்று இருக்கிறது. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பெரிய சம்பளப் பட்டியல் நிறுவனத்தின் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2025 ஆகஸ்ட்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செயற்கை நுண்ணறிவு மிக அதிகமாகத் தொடும் வேலைகளில், 22 முதல் 25 வயது வரையுள்ளவர்களின் வேலைவாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிட 13 விழுக்காடு சரிந்திருந்தது. அதே வேலைகளில் மூத்தவர்களுக்கு அப்படிச் சரிவில்லை. புத்தகத்தில் உள்ள அறிவை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது, பழகி வந்த அறிவை எடுக்கவில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம். இதோடு கதை முடியவில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வு மையம் அதே ஆண்டு அக்டோபரில், மொத்த வேலைச் சந்தையை எடுத்துப் பார்த்தால் பெரிய குலைவு எதுவும் இன்னும் தென்படவில்லை என்றது. 2022 முதல் வட்டி விகிதம் உயர்ந்தது, கோவிட் காலத்தில் தேவைக்கு மேல் ஆள் எடுத்த நிறுவனங்கள் பிறகு கையை இறுக்கிக்கொண்டன. இவையும் இளையவர்களைத்தான் முதலில் அடிக்கும். எது எவ்வளவு என்ற வாதம் நடந்துகொண்டிருக்கிறது. என் அலுவலகத்தைப் பொறுத்தவரை எனக்கு வாதம் இல்லை. காரணம் எனக்குத் தெரியும்.

என் வாடிக்கையாளர்கள் ரசீதுகளைப் பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவருவார்கள். மை மங்கிப்போன பெட்ரோல் ரசீது, மொத்தக் கடைக்காரர் கையால் கிறுக்கிய சீட்டு, நடுவில் ஒரு நாலு எண் சீட்டும் இருக்கும். ஒரு டின்னைத் தேதிவாரியாகப் பிரித்து, செலவுத் தலைப்பு போட்டு, வங்கி அறிக்கையோடு ஒத்துப்பார்க்கப் புதிய பிள்ளைக்கு மூன்று நாள் ஆகும். இப்போது படம் எடுத்துப் போட்டால் ஒரு மென்பொருள் பிற்பகலுக்குள் முடித்துவிடுகிறது. மலாய், தமிழ், சீனம் எதுவானாலும் படிக்கிறது. நாற்காலி ஏன் காலியானது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆனால் ஒரு டின்னில் கோயில் திருவிழா உபயத்துக்கு 500 ரிங்கிட் கொடுத்த ரசீது இருந்தது. மென்பொருள் அதை 'விளம்பரச் செலவு' என்று போட்டுவிட்டது. ரசீதின் மூலையில் 'பதாகை' என்ற சொல் இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். வருமான வரியில் இந்த இரண்டுக்கும் தூரம் அதிகம். அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்த நன்கொடைக்குத்தான் கழிவு கிடைக்கும். கடைப் பெயர் போட்ட பதாகைக்குக் கொடுத்த பணமா, சாமிக்குக் கொடுத்த பணமா என்று கடைக்காரரைக் கேட்டால்தான் தெரியும். என்னிடம் எட்டு ஆண்டுகளாக இருக்கும் பெண் அந்த வரியைக் கண்டதும் விரலை வைத்துவிட்டார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "முதல் வருடம் இருபது டின் பிரித்தேனே" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. டின் பிரிக்க ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டேன். இன்னும் எட்டு ஆண்டுகள் கழித்து விரலை வைக்கப் போவது யார்?

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் 5,179 பேருக்கு இத்தகைய ஒரு கருவியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வந்தது. சராசரியாக வேலைத்திறன் 14 விழுக்காடு கூடியது. புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் 34 விழுக்காடு. கை தேர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆக, உள்ளே நுழைந்துவிட்ட புதியவரை இந்தக் கருவி தூக்கிவிடுகிறது. வாசலை மட்டும் சற்று ஒடுக்குகிறது.

நம் நாட்டில்

மலேசியாவில் அரசாங்கத்தின் மனிதவள அமைப்பான டேலண்ட்கார்ப் நிறுவனம் 2024 இறுதியில் வெளியிட்ட ஆய்வு, செயற்கை நுண்ணறிவு, மின்னிலக்கமயம், பசுமைப் பொருளாதாரம் மூன்றும் சேர்ந்து அடுத்த மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் சுமார் 6,20,000 வேலைகளை அதிகம் பாதிக்கும் என்றது. ஆராயப்பட்ட பத்துத் துறைகளில் அது 18 விழுக்காடு. பலர் இந்த எண்ணை 'ஆறு லட்சம் பேருக்கு வேலை போகும்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். பாதிப்பு என்றால் மாற்றம், சிலருக்குத்தான் இழப்பு.

உண்மையில் நம் பட்டதாரிகளின் பழைய நோய் வேறு. உயர்கல்வி முடித்து வேலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் படிப்புக்குக் கீழான வேலையில் இருப்பதைப் புள்ளிவிவரத் துறையே தொடர்ந்து காட்டிவருகிறது. சாட்ஜிபிடி பிறப்பதற்கு முன்பே இருந்த நிலை இது. அரசாங்கத்தின் பிடிபிடிஎன் கல்விக் கடனில் படித்துவிட்டு, 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டிய வேலையில் நிற்கும் பிள்ளைகள் இந்த ஊரில் தெருவுக்கு இருவர் உண்டு. அதையும் ஏஐ தலையில் கட்டிவிட்டால் அரசாங்கத்துக்கும் முதலாளிகளுக்கும் மிக வசதியாகப் போய்விடும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஹான்ஸ் மொராவெக் என்ற இயந்திர மனித ஆய்வாளர் 1988இல் ஒன்றைக் கவனித்து எழுதினார்: பெரியவர்கள் திணறும் அறிவுத் தேர்வுகள் இயந்திரத்துக்கு எளிது, ஒரு வயதுக் குழந்தை செய்யும் பார்ப்பதும் நடப்பதும் பிடிப்பதும்தான் அதற்குக் கடினம். இதற்குச் சாட்சி தேடி எங்கும் போக வேண்டாம். நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து, ஓலையை வெட்டி, குலையைத் தன் தலையில் விழாமல் இறக்கும் வேலையை இன்றுவரை பெரும்பாலும் மனிதக் கைகள்தான் செய்கின்றன. மரம் தப்பித்துவிட்டது, அலுவலகம் மாட்டிக்கொண்டது. வயரிங், குளிர்சாதனம், இயந்திரப் பராமரிப்பு போன்ற திவெட் எனும் தொழிற்பயிற்சிப் படிப்புகளை 'மார்க் குறைந்த பிள்ளைக்கு' என்று ஒதுக்கும் பெற்றோர் இதைச் சற்று யோசிக்கலாம். ஆனால் எல்லாரும் கைத்தொழிலுக்கே போங்கள் என்று நான் சொல்லமாட்டேன். கணக்கு பிடித்த பிள்ளை கணக்குதான் படிக்க வேண்டும்.

அந்தப் பிள்ளை என்ன செய்யலாம்? நீங்கள் போக விரும்பும் வேலையில் முதல் ஆண்டு என்ன செய்யச் சொல்வார்கள் என்று, அதில் இருக்கும் ஒருவரைப் பிடித்துக் கேட்டு எழுதுங்கள். எந்தப் பணி இயந்திரத்துக்குப் போகும், எதற்கு ஆளை நேரில் பார்த்துக் கேட்க வேண்டியிருக்கும், எதில் தவறு நடந்தால் ஒருவர் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும் என்று பிரித்துப் பாருங்கள். பின்னிரண்டும் மிகுந்த வேலை நிற்கும். நேர்முகத் தேர்வில், என் வேலையை யார் திருத்துவார் என்று கேட்கத் தயங்காதீர்கள். அதற்குப் பதில் இல்லாத இடத்தில் கற்றுக்கொள்ளவும் எதுவும் இருக்காது.

கருவியையும் பழக வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. 2024 ஜனவரியில் தொடங்கிய 'ஏஐ உந்தோக் ராக்யாட்' என்ற இலவச இணையப் பாடம் தமிழிலும் உண்டு; சில மணி நேரத்தில் முடித்துவிடலாம். அதை முடித்த சான்றிதழைக் காட்டினால் நான் வேலை கொடுத்துவிடமாட்டேன். ஆனால் முடிக்காமல் வந்தால், ஏன் என்று கேட்பேன். இன்னொன்று: வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண்ணையும் வங்கி விவரத்தையும் அந்த உரையாடல் பெட்டிக்குள் ஒட்டிவிடாதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 என்று ஒன்று இருக்கிறது.

புதிய வேலை எங்கிருந்து வரும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். விற்பனைப் பட்டியலை இணையம்வழி வரித்துறைக்கு அனுப்பும் மின்விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்ட்டில் பெரிய நிறுவனங்களோடு தொடங்கி, படிப்படியாகச் சிறியவர்களை நோக்கி வந்தபோது, எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் பதறிப்போய் வந்து நின்றார்கள். அவர்களுக்குத் தமிழிலும் மலாயிலும் நிதானமாகச் சொல்லித் தர ஓர் ஆள் வேண்டியிருந்தது. இயந்திரத்துக்கு மொழி தெரியும். கடைக்காரர் எதற்காகப் பயப்படுகிறார் என்பது தெரியவேண்டுமே.

என் அக்காள் மகள் கணக்கியல் முடித்து நான்கு மாதமாகிறது. இப்போது சனிக்கிழமைகளில் இங்கே வருகிறாள். நாள் சம்பளம் கொடுக்கிறேன். முதல் சனிக்கிழமை கணினியைத் தொடக்கூடாது என்று சொல்லி ஒரு பிஸ்கட் டின்னை அவள் முன் வைத்தேன். "மாமா, இதைத்தான் மென்பொருளே செய்துவிடுமே" என்று முகத்தைச் சுளித்தாள். 112 ரசீதுகள். மாலையில் அவளுடைய பட்டியலையும் மென்பொருளின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஏழு இடத்தில் வேறுபாடு. நான்கில் மென்பொருள் சரி, மூன்றில் அவள் சரி. அந்த மூன்றில் ஒன்று, லாரிச் செலவில் சேர்ந்திருந்த ஒரு டீசல் ரசீது. தேதி ஞாயிற்றுக்கிழமை, இடம் கேமரன் மலை.

தொலைபேசியை எடுத்து அவளே பேசினாள். "அண்ணே, அந்த ஞாயிற்றுக்கிழமை மலைக்கு லாரி போனதா, நீங்கள் போனீர்களா?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒரு சிரிப்பு. "பிள்ளைகளோடு நான்தான் போனேன், மா."

அந்த வரியைச் சொந்தச் செலவுக்கு மாற்றி எழுதிவிட்டு, டின்னின் மூடியைத் தேடினாள்.